விளையாட்டு மடிக்கணினியின் சூடும் அதைத் தணிக்கும் வழியும்



நம்மில் பலருடைய வீடுகளில் இரவு எட்டு மணிக்கு மேல் மேசையின் ஓரத்திலிருந்து ஓர் இரைச்சல் கேட்கத் தொடங்குகிறது. தூரத்தில் புல்வெட்டும் இயந்திரம் ஓடுவது போன்ற இரைச்சல். மகனோ மகளோ விளையாட்டு மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள் என்பதற்கு அதுவே அடையாளம். அந்த இரைச்சலுக்கும், அதன் பக்கவாட்டில் கை வைத்தால் அடிக்கும் அனலுக்கும், சில சமயம் அது பட்டென்று அணைந்துபோவதற்கும் என்ன காரணம், அதற்கு நாம் என்ன செய்யலாம் என்பதை இன்று பார்ப்போம்.

இதை ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். இந்தச் சாமானின் விலை 3,000 வெள்ளி, 4,000 வெள்ளி என்று போகிறது. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஆகவே இது இரண்டு மாதச் சம்பளத்தை அப்படியே விழுங்கும் பொருள். பெரும்பாலும் தவணையில் வாங்குகிறோம். தவணை முடிவதற்குள் சூட்டினால் கெட்டுப்போனால் கடனை மட்டுமே கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இன்னொன்றும் உண்டு. கல்லூரியில் பொறியியல் வரைபடமோ அசைவுப் படமோ படிக்கிற பிள்ளை இதே கணினியில்தான் பாடவேலையையும் செய்கிறது. வேலையை ஒப்படைக்கும் இரவில் அது அணைந்தால் போவது விளையாட்டு மட்டும் அல்ல.

"விளையாடி விளையாடித்தான் கெடுத்துவிட்டான்" என்று அப்பா சொல்வார். "சாமானே மட்டம்" என்று மகன் சொல்வான். இரண்டு பேர் சொல்வதையும் நாம் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட இயந்திரம் விளையாடினால் கெடாது. ஆனால் வெளியேற வேண்டிய சூடு வெளியேறாமல் போனால், பாடவேலை செய்தாலும் அது கெடும்.

முதலில் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கணினிக்குள் நகம் அளவேயுள்ள இரண்டு சில்லுகள் முக்கியமானவை. ஒன்று செயலி, கணக்குப் போடுவது. மற்றொன்று படச்சில்லு, திரையில் ஓடும் காட்சிகளை வரைவது. சாதாரண மடிக்கணினியில் படம் வரையும் வேலையையும் செயலியே பார்த்துக்கொள்ளும். விளையாட்டுக் கணினியில் அதற்கென்று தனிச்சில்லு இருக்கிறது. அந்தத் தனிச்சில்லுதான் அதிகமாக மின்சாரம் தின்னும். வாங்கும்போது உடன் வரும் கனமான அடாப்டரைப் பாருங்கள். அதில் 180 வாட், 230 வாட் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே போகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் சூடாகவே வெளியே வந்தாக வேண்டும். அந்தக் காலத்து 100 வாட் குண்டு பல்புகள் இரண்டை ஒரு பள்ளிப் புத்தகத்தின் கனமுள்ள பெட்டிக்குள் அடைத்து எரியவிட்டால் எப்படியிருக்கும்! விளையாட்டு உச்சத்தில் ஓடும்போது அந்தப் பெட்டிக்குள் நடப்பது அதுதான்.

இவ்வளவு சூட்டையும் வெளியேற்றும் ஏற்பாடு மிக அழகானது. சில்லுகளின் மேல் தட்டையான செப்புக் குழாய்கள் பதிந்திருக்கும். குழாய்க்குள் கொஞ்சம் நீர் இருக்கிறது, காற்று இல்லை. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டதால் அந்த நீர் 100 டிகிரிக்கு வெகு முன்பாகவே ஆவியாகிறது. சில்லின் மேலுள்ள முனையில் ஆவியான நீர் மறுமுனைக்கு ஓடி, அங்கே குளிர்ந்து மறுபடி நீராகிறது. இட்லிப் பானையின் மூடியைத் தூக்கினால் உட்புறத்தில் துளித்துளியாக நீர் நிற்குமே, அதே கதைதான். அந்த நீர் குழாயின் உட்சுவரில் உள்ள மெல்லிய துளைகள் வழியாக, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, சூடான முனைக்குத் திரும்பி வருகிறது. இப்படிப்பட்ட குழாயை 1963-ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் என்பவர் செய்து காட்டினார். விண்கலங்களில் பயன்பட்ட அந்த ஏற்பாடு இன்று நம் வீட்டு மேசைக்கு வந்துவிட்டது. மறுமுனையில் மெல்லிய தகடுகள் சீப்புப் பற்களைப் போல நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். அடிப்பக்கத்துத் துளைகள் வழியாகக் காற்றை உறிஞ்சும் குட்டிக் காற்றாடிகள், அந்தக் காற்றைத் தகடுகளின் ஊடே ஊதி, பின்பக்கமோ பக்கவாட்டிலோ வெளியே தள்ளுகின்றன. மோட்டார் சைக்கிளிலோ காரிலோ ரேடியேட்டரைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

ஆக, கீழே உள்ள துளை மூச்சு இழுக்கும் மூக்கு. பின்னால் உள்ள துளை மூச்சு விடும் வாய். இதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. மெத்தையின் மேல், தலையணையின் மேல், மடியில் விரித்த கைலியின் மேல் இதை வைப்பது மூக்கைப் பொத்துவதற்குச் சமம். நம் பிள்ளைகள் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு விளையாடுவதை எத்தனை வீடுகளில் பார்க்கிறோம்! மடியில் வைப்பதில் உடம்புக்கும் கேடு உண்டு. 2010-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் ஒரு 12 வயதுப் பையனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். பல மாதங்கள் தினமும் சில மணி நேரம் கணினியை மடியில் வைத்து விளையாடியதால் அவனுடைய இடது தொடையில் வலைபோன்ற கருந்திட்டுகள் வந்துவிட்டன. கொப்புளிக்கும் அளவுக்குச் சூடு இல்லாவிட்டாலும், மிதமான சூடு நாள்தோறும் ஒரே இடத்தில் பட்டால் தோல் அப்படி ஆகும்.

அடுத்து, சூட்டை அளப்பது எப்படி? கையால் தொட்டுப் பார்த்தால் போதாதா என்று தாய்மார்கள் கேட்கக்கூடும். குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுகிற கை அது. ஆனால் இங்கே அந்தக் கை ஏமாந்துபோகும். மேல்தகடு 45 டிகிரியைத் தொட்டாலே நமக்குச் சுடுகிறது என்று தோன்றும். உள்ளே சில்லு அப்போது 75-லும் இருக்கலாம், 98-லும் இருக்கலாம். முதலாவது நல்ல நிலை, இரண்டாவது தொல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

சில்லுகளுக்குள்ளேயே வெப்பமானி வைத்துத்தான் செய்கிறார்கள். அது காட்டும் எண்ணை நாம் படித்தால் போதும். விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதியில் தனிப் படச்சில்லின் வெப்பநிலை தெரியும். 2020-ஆம் ஆண்டு மே மாதத்து விண்டோஸ் 10 பதிப்பிலிருந்தே இந்த வசதி இருக்கிறது. செயலியின் வெப்பநிலை அங்கே தெரியாது. அதற்கு எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளலாம். திறக்கும்போது சென்சார்கள் மட்டும் என்பதைத் தேர்ந்தெடுத்தால் நீண்ட பட்டியல் வரும். அதைப் பார்த்து மிரள வேண்டாம். செயலியின் வெப்பநிலை, படச்சில்லின் வெப்பநிலை என்ற இரண்டு வரிகளும், அவற்றுக்கு நேரே 'மேக்சிமம்' என்ற தலைப்பின் கீழுள்ள எண்களுமே நமக்கு முக்கியம். விளையாடி முடித்த பிறகு பார்த்தாலும், இடையில் எட்டிய உச்சச் சூட்டை அந்த எண் சொல்லிவிடும்.

எந்த எண் நல்லது, எந்த எண் கெட்டது? செயலியின் எல்லையைத் தயாரிப்பாளர்களே வகுத்திருக்கிறார்கள். இன்டெல் செயலிகள் பெரும்பாலானவற்றுக்கு 100 டிகிரி. ஏஎம்டி செயலிகளுக்கு வகைக்கேற்ப 95 முதல் 105 வரை. மடிக்கணினிப் படச்சில்லுகள் 87 டிகிரியை நெருங்கும்போதே பொதுவாக அடங்கத் தொடங்கும். விளையாடும்போது செயலி 80-லிருந்து 90 வரையிலும், படச்சில்லு 70-லிருந்து 85 வரையிலும் இருந்தால், நம் நாட்டு வெக்கைக்கு அது சாதாரணம். பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. ஒரு கணம் 95-ஐத் தொட்டுவிட்டு இறங்கினாலும் பாதகமில்லை. 95-க்கு மேலேயே நிமிடக்கணக்கில் நின்றால்தான் கவனிக்க வேண்டும். ஒன்றுமே செய்யாமல் திறந்துவைத்திருக்கும்போதே 70 காட்டினால் அதுவும் சரியல்ல. காற்றாடி நின்றுபோயிருக்கலாம், அல்லது பின்னணியில் நமக்குத் தெரியாத ஏதோ ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கலாம்.

எல்லையைத் தொட்டதும் சில்லு தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திரையில் ஓட்டம் திக்கித் திக்கி நகர்வதற்கு இது ஒரு காரணம். நண்பகல் வெயிலில் மூச்சு வாங்கியவர் மரநிழலில் நின்று நின்று நடப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் மீறிச் சூடு ஏறினால் கணினி முழுவதுமாக அணைந்துவிடும்.

ஆனால் அணைந்ததற்கெல்லாம் சூடுதான் காரணம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இங்கேதான் அளந்து பார்ப்பதன் அருமை தெரிகிறது. எச்டபிள்யூ இன்ஃபோவில் எண்களைக் கோப்பில் பதிவு செய்யும் வசதி உண்டு. கணினி அணைந்த பிறகு அந்தக் கோப்பைத் திறந்து கடைசி வரியைப் பார்க்கலாம். 101 என்று இருந்தால் குற்றவாளி சூடு. 68 என்று இருந்தால் அடாப்டரையோ பேட்டரியையோ வேறு பாகத்தையோ சந்தேகிக்க வேண்டும். கடைக்குப் போகும்போது இந்தத் தாளை எடுத்துப் போங்கள். ஒன்றும் தெரியாமல் போய் நிற்பவரிடம் "போர்டு போய்விட்டது, 1,200 வெள்ளி" என்று சொல்வது எளிது. எண்ணோடு போகிறவரிடம் அப்படிச் சொல்ல எவரும் சற்று யோசிப்பார்கள்.

அளப்பதற்கு ஒரு முறை உண்டு. ஆறாம் ஆண்டு அறிவியல் பாடத்தில் பிள்ளைகள் படித்ததுதான். ஒரே விளையாட்டு, ஒரே இடம், அரை மணி நேரம். தொடங்கிய நேரத்தையும் கடைசியில் கண்ட உச்ச எண்ணையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பிறகு ஏதாவது ஒரே ஒரு மாற்றம் செய்துவிட்டு மறுநாள் அதே நேரத்தில் மறுபடி அளங்கள். இரண்டு மூன்று மாற்றங்களை ஒரே நாளில் செய்தால் எதனால் பலன் கிடைத்தது என்று தெரியாமல் போய்விடும். நேரத்தை ஏன் எழுத வேண்டும் என்றால், தகரக் கூரையின் கீழே பிற்பகல் மூன்று மணிக்கு இருக்கும் காற்றும், மழை பெய்து ஓய்ந்த இரவு பத்து மணிக் காற்றும் ஒன்றல்ல. அறையின் காற்று 6 டிகிரி குறைந்தால் சில்லின் சூடும் ஏறக்குறைய அதே அளவு குறையும். குளிர்நாட்டில் இருப்பவர் எழுதிய எண்ணைப் பார்த்துவிட்டு நம் கணினி மட்டம் என்று எண்ணுவது நியாயமில்லை.

இனிக் குறைக்கும் வழிகள். முதல் வழிக்குக் காசு வேண்டாம். கெட்டியான மேசை அல்லது பலகையின் மேல் வையுங்கள். பின்பக்கத்து ரப்பர்க் கால்களின் கீழே இரண்டு மரத்துண்டுகளை, ஓர் அங்குல உயரத்துக்கு, துளைகளை மறைக்காமல் வைத்துத் தூக்கிவிடுங்கள். மூக்குக்குக் காற்று தாராளமாகக் கிடைக்கும். சுவருக்கும் பின்பக்கத்துக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். இல்லையென்றால் வெளியே தள்ளிய அனலே சுவரில் முட்டித் திரும்பி உள்ளே போகும். மேசைக் காற்றாடியைப் பக்கத்தில் ஓடவிடுவது நல்லது. அது சில்லைக் குளிரவைப்பதை விட, சூழ்ந்து நிற்கும் அனலை விரட்டிவிடுகிறது. கடையில் விற்கும் காற்றாடி வைத்த தாங்கிகள் சில டிகிரி குறைக்கலாம். மரத்துண்டை வைத்துப் பார்த்து, நோட்டில் எழுதிய பிறகு அதை வாங்குவதா என்று முடிவு செய்யலாம்.

ஈரத்துணி போர்த்துவது, பனிக்கட்டிப் பையை அடியில் வைப்பது, குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து எடுப்பது ஆகியவற்றைச் செய்யவே கூடாது. நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருக்கிறோம். அதே வியர்வை கணினிக்குள் வந்தால் மின்கசிவில் முடியும்.

இரண்டாவது, தூசி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. செம்மண் சடக்கின் ஓரத்தில் வீடு இருந்தால் லோரி போகும் ஒவ்வொரு முறையும் தூசி எழும்பும். வீட்டுக்குள் சாம்பிராணிப் புகை, கொசுவத்திப் புகை, துணிநூல், பூனைமுடி. இவை எல்லாவற்றையும் அந்தக் குட்டிக் காற்றாடி உள்ளே இழுக்கிறது. தகடுகளின் வாயிலில் அவை படிந்து, நாளடைவில் கம்பளித் துண்டு போன்ற ஒரு திரையாகிவிடும். காற்றாடி முன்பைவிட அதிகமாக இரையும், பின்பக்கத்துத் துளையிலோ காற்றே வராது. இரைச்சல் கூடிக் காற்று குறைந்தால் தூசிதான் என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். எறும்புகள் வெதுவெதுப்பான இடம் என்று உள்ளே குடியேறுவதும் உண்டு. சாப்பாட்டுத் தட்டை விசைப்பலகையின் பக்கத்தில் வைக்காதிருப்பதற்கு அதுவே போதுமான காரணம்.

உத்தரவாதக் காலம் முடியாவிட்டால் சேவை மையத்தில் கொடுத்துச் சுத்தம் செய்வதே நல்லது. முடிந்துவிட்டால், பழக்கமுள்ள பிள்ளை வீட்டிலேயே செய்யலாம். கணினியை முழுவதும் அணைத்து, மின்செருகியை எடுத்து, அடித்தகட்டைத் திறந்ததும் முதல் வேலையாகப் பேட்டரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். காற்றாடியின் இலையை ஒரு பல்குத்தும் குச்சியால் சுழலாமல் பிடித்துக்கொண்டு, கடையில் விற்கும் காற்றுப் புட்டியால் சிறிது சிறிதாக ஊத வேண்டும். பிடிக்காமல் ஊதினால் காற்றாடி அளவுக்கு மீறிச் சுழன்று அதன் அச்சு கெடும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும். மோட்டார் பட்டறையில் டயருக்குக் காற்றடிக்கும் குழாயைக் கொண்டு ஊதிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்து வரும், வேகமும் அதிகம். அந்த யோசனையைக் கேட்காதீர்கள்.

சில்லுக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையே ஒரு பசை தடவியிருப்பார்கள். சில ஆண்டுகளில் அது காய்ந்து வெடித்துவிடும். தூசி எடுத்த பிறகும் சூடு குறையவில்லை என்றால் பசையை மாற்ற வேண்டும். இது கைத்திறன் உள்ளவர் செய்யும் வேலை. விலையுயர்ந்த சில வகைகளில் பசைக்குப் பதிலாகத் திரவ உலோகம் இருக்கிறது. அது மின்சாரம் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். அப்படிப்பட்ட கணினியை வீட்டில் திறக்கவே வேண்டாம்.

மூன்றாவது வழி, சூட்டை உண்டாக்காமலே இருப்பது. எங்கள் எண்ணத்தில் இதுவே எல்லாவற்றிலும் சிறந்தது, ஆனால் பிள்ளைகள் கடைசியாகவே இதற்கு இணங்குவார்கள். விளையாட்டில் காட்சி என்பது விநாடிக்கு இத்தனை படங்கள் என்று ஓடுவது. கட்டுப்பாடு வைக்காவிட்டால் கணினி தன்னால் முடிந்த மட்டும் 120, 150 என்று வரைந்து தள்ளும். திரை விநாடிக்கு 60 படங்கள் மட்டுமே காட்டக்கூடியதாக இருந்தால் மிச்சமெல்லாம் வீண். விளையாட்டின் அமைப்புப் பகுதியிலேயே 60 என்று வரம்பு வைக்கலாம். வேகத் திரையுள்ள கணினியிலும்கூட, கதை சொல்லும் விளையாட்டுகளுக்கு 60 தாராளம். இந்த ஒரு மாற்றத்தால் இரைச்சலே அடங்கிப்போவதைக் காதால் கேட்கலாம்.

செயலிக்கும் ஒரு கடிவாளம் உண்டு. பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் செயலியின் உச்சநிலை 100 விழுக்காடு என்று இருப்பதை 99 என்று மாற்றினால், அது தன் சாதாரண வேகத்துக்கு மேல் பாய்வதை நிறுத்திக்கொள்ளும். ஒரு விழுக்காட்டில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். சில்லு அதிவேகமாகப் பாய வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். மின்செலவோ அழுத்தத்தின் இருமடிப்படி ஏறும். அதாவது அழுத்தம் 10 விழுக்காடு கூடினால் செலவு 21 விழுக்காடு கூடுகிறது, வேகம் கூடியதற்கான செலவு அதற்கு மேல் தனி. ஆகவே கடைசித் துளி வேகத்துக்காக நாம் கொடுக்கும் சூடு மிக அதிகம். அந்தப் பாய்ச்சலை நிறுத்தினால் ஆட்டத்தில் சிறிது இழப்பு, சூட்டில் பெரிய குறைவு. சில புதிய கணினிகளில் இந்த வரி மறைந்திருக்கும். அவற்றில் தயாரிப்பாளர் தந்திருக்கும் மென்பொருளிலேயே அமைதி நிலை, சமநிலை என்று தெரிவுகள் உண்டு. பாடவேலைக்கு அமைதி நிலை போதும்.

பைக்குள் வைக்கும் முன் மூடியை மட்டும் சாத்துவது பலருடைய வழக்கம். உறங்கும் கணினி பைக்குள்ளேயே விழித்துக்கொள்வது உண்டு. மோட்டார் சைக்கிளில் கல்லூரி போய்ச் சேரும்போது பை அடுப்புபோல் சுடும். முழுவதும் அணைத்துவிட்டு வைப்பதே முறை. அடாப்டரின் மேலும் துணியோ புத்தகமோ இருக்கக் கூடாது, அதற்கும் சூடு வெளியேற வேண்டும்.

கடைசியாகப் பேட்டரி. சில்லு சூட்டைத் தாங்கும், பேட்டரி தாங்காது. லித்தியம் பேட்டரி எப்போதும் 100 விழுக்காடு நிரம்பி, சூட்டிலேயே கிடந்தால் விரைவில் முதுமை அடையும். நாள் முழுவதும் மின்செருகியிலேயே ஓடும் கணினிக்கு, தயாரிப்பாளரின் மென்பொருளில் 80 விழுக்காட்டோடு நிரப்புதலை நிறுத்தும் வசதி இருந்தால் அதை இயக்கி வையுங்கள். முதுமையடைந்த பேட்டரி சில சமயம் உள்ளே வாயு உண்டாகி உப்பும். சுட்டித் தகடு மேலே எழும்பி நிற்கும். மூடி சரியாகப் பொருந்தாது. மேசையில் வைத்தால் கணினி ஆடும். இந்த அடையாளங்களில் ஒன்றைக் கண்டாலும் உடனே அணைத்து, மின்செருகியை எடுத்துவிட வேண்டும். அழுத்திப் பார்ப்பதோ குத்திப் பார்ப்பதோ கூடாது. அடித்தகட்டைத் திறக்கும் வேலையைப் பட்டணத்துப் பட்டறையிடமே விட்டுவிடுங்கள்.

கழற்றிய பழைய பேட்டரியைக் கையில் கொடுத்தால் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அங்கேயே மின்கழிவாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டுக்குப் பின்னால் குப்பையைக் குவித்துக் கொளுத்தும் வழக்கம் பல தோட்டங்களில் இன்னமும் இருக்கிறது. அந்தக் குவியலுக்குள் இப்படியொரு பேட்டரி கிடந்தால் அது வெடித்துச் சிதறும். அதன் புகை நச்சுப்புகை. குவியலைச் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் பெரும்பாலும் சிறுபிள்ளைகளே.